வெடிக்காத பூ

பூ வெடிக்கவில்லை.

கன்னையா ஆள்காட்டி விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தான். கொஞ்சம் பலமாகச் சுண்டிப் பார்த்தான். கடைசியில் ஓர் ஈர்க்குச்சியை எடுத்து, காது குடைகிற மாதிரி உள்ளே விட்டு ஒரு குடை குடைந்தும் பார்த்தான். ஊஹூம். அது பாட்டுக்குப் பச்சைப் பசேலென்று, மழைக்குத் தலையில் கவிழ்த்த சட்டி மாதிரி உம்மென்று இருந்தது.

"விஜயா! ஏ விஜயா! இங்க வந்து பாரு இந்த அநியாயத்த!"

அவன் மனைவி விஜயகலா ரொட்டி மாவு ஒட்டிய கையோடு முன்திண்ணையான இஸ்தோப்புக்கு ஓடி வந்தாள்.

"என்னாங்க, பாம்பா?"

"பாம்பா இருந்தா அடிச்சுப் போட்டுட்டுப் போயிருவேனே. பூவப் பாரு!"

விஜயகலா பார்த்தாள். பார்த்தவள் முகத்தில் முதலில் சந்தோஷம்தான் வந்தது. "அட, பூத்திருச்சா! பச்சையா குளுகுளுன்னு நல்லாத்தானே இருக்கு?"

"என்னா நல்லாருக்கு? போன வருசம் இது என்னா நெறத்துல பூத்திச்சு? கத்தரிப்பூ கலர்ல, புள்ளி புள்ளியா! தொட்டா வெடிச்சிச்சா இல்லியா?"

"வெடிச்சிச்சுங்க."

"இது வெடிக்கல. இது என் செடி இல்ல. எவனோ மாத்திட்டான்!"

விஜயகலா கையிலிருந்த மாவைப் பிசைந்துகொண்டே உள்ளே போய்விட்டாள்.

வெடிக்கிற பூவாவது, மண்ணாங்கட்டியாவது என்று நீங்கள் நினைக்கலாம். கன்னையா சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. பலாங்கொடைச் சந்தையில் ஜமால்தீனிடம் அவன் ஆசைப்பட்டு வாங்கிய ஆர்க்கிட் அது. அதன் பூவுக்கு நடுவே மீசை மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தொட்டால் போதும், 'டப்'பென்று மஞ்சளாய் ஒரு பொட்டு பாய்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். வண்டின் முதுகில் ஒட்டுவதற்காக ஆண்டவன் செய்த ஏற்பாடு. போன ஆடித் திருவிழாவுக்குத் தோட்டத்துத் துரை வந்தபோது, கோயில் வாசலில் வைத்திருந்த அந்தப் பூவை மோந்து பார்க்கிறேன் என்று குனிந்தார். பூ அவர் மூக்கு நுனியிலேயே சுட்டுவிட்டது. துரையே விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து, தொழிற்சாலை ஸ்டோரில் தேயிலை அள்ளிப் போடுகிற சாதாரணக் கன்னையா, 'வெடிப்பூ கன்னையா' ஆனான். இந்த ஞாயிற்றுக்கிழமைத் திருவிழாவுக்குத் துரை தன் துரைசாணியையும் கூட்டிக்கொண்டு வருகிறார், அந்தப் பூவைக் காட்டுவதற்கென்றே. அதற்குள் அது இப்படிப் பச்சையாய் வந்து நின்றால் மனிதன் எப்படித் தாங்குவான்?

தாங்க முடியாமல் பக்கத்துக் காம்பராவின் இஸ்தோப்பை எட்டிப் பார்த்தான். அங்கேதான் வந்தது வினை.

லயத்து வரிசையில் பக்கத்து வீடான அந்தக் காம்பரா கருப்பாயி அக்காவுடையது. முதல் வருடம் அவள் கெஞ்சிக் கேட்டாளே என்று, ஒரு தண்டை ஒடித்து, "பத்திரமாப் பாத்துக்கக்கா, இது சாதாரணச் செடி இல்ல" என்று பெரிய உபதேசத்தோடு கொடுத்திருந்தான். அந்தச் சட்டியில் இன்று கத்தரிப்பூ நிறத்தில், புள்ளி புள்ளியாக ஒரு கொத்து பூத்துத் தொங்கியது. கன்னையா கிட்டே போய் விரலை நீட்டினான்.

டப்!

மஞ்சள் பொட்டு அவன் மீசையிலேயே வந்து ஒட்டிக்கொண்டது.

"அடிப்பாவி!" என்றான் கன்னையா.

கருப்பாயி அக்கா அப்போது பீலிக்கரையில் குடத்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் லயத்துப் பெண்கள். கன்னையா மீசையில் மஞ்சள் பொட்டோடு வேகமாக இறங்கி வருவதைப் பார்த்து அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில்தான் அவனுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"என்னா தம்பி, மீசையில சந்தனமா? இன்னம் திருவிழாவே வரலையே?" என்றாள் கருப்பாயி.

"சிரிக்காதக்கா. என் செடிய எடுத்துக்கிட்டு ஒன் செடிய என் சட்டியில வச்சிட்டியே, இது நாயமா?"

"எவன்டா இவன்! என் செடி ஒன் சட்டியில இருக்குங்கிற..." என்று ஆரம்பித்த கருப்பாயி, அதற்கு மேல் பேசாமல் சட்டென்று நிறுத்தினாள். கன்னையாவுக்குப் பின்னால், மாவுக் கையோடு ஓடி வந்து மூச்சு வாங்க நின்ற விஜயகலாவைப் பார்த்தாள். பிறகு குடத்தைப் பார்த்தாள்.

"ஏன் நிறுத்திட்ட? சொல்லேன்!"

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. நான் ஒன் செடிய எடுக்கல."

"திருடி!" என்று சொல்லிவிட்டான் கன்னையா.

சொன்ன பிறகுதான், அந்த வார்த்தை எவ்வளவு பெரியது என்று அவனுக்கே தெரிந்தது. என்ன செய்வது, கொட்டிய பாலை அள்ள முடியுமா?

கருப்பாயிக்கு அந்த வார்த்தை வேறு எந்த வருடத்தில் விழுந்திருந்தாலும், அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டுவிட்டுப் போயிருப்பாள். இந்த வருடம் அப்படி இல்லை. அவள் மகள் ஷாமிளா பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்தால் மாரியம்மனுக்கு முதல் பால்குடம் தூக்குகிறேன் என்று கருப்பாயி நேர்ந்திருந்தாள். முதல் குடம் தூக்குகிறவள் மேல் ஒரு சொல் இருக்கக்கூடாது என்பது அந்தத் தோட்டத்து வழக்கம். இப்போது சொல் விழுந்துவிட்டது.

விஷயம் அன்று பின்னேரமே கோயிலடிக்கு வந்தது. தோட்டத்துத் தலைவர் சசி இளம் வயதுக்காரர். ஒரு போனில் பேசிக்கொண்டே இன்னொரு போனைப் பார்க்கக் கூடியவர். இரண்டையும் சட்டைப் பையில் போட்டுவிட்டு நியாயம் கேட்டார்.

"ஹரி ஹரி, சரி, ஆளுக்கு ஆள் கத்த வேணாம். சூடம் கொளுத்துவோம். அக்கா, நீங்க ஒரே வார்த்த சொல்லி, சூடத்த அடிச்சு அணச்சு சத்தியம் பண்ணுங்க. 'கன்னையா சட்டியில இருக்கிறது என் செடி இல்ல.' அவ்வளவுதான், வேல முடிஞ்சிச்சு."

பூசாரி தட்டில் சூடத்தைக் கொளுத்தி வைத்தார். கருப்பாயி முன்னே வந்தாள். கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

"நான் எடுக்கல. மாத்தல. ஆனா சூடம் அடிக்க மாட்டேன்" என்றாள்.

கூட்டம் 'ஹா' என்றது. கையில் குற்றம் இல்லாதவள் சூடத்துக்கு ஏன் பயப்பட வேண்டும்?

"வெள்ளிக்கெழம வரைக்கும் யோசிங்கக்கா. அன்னிக்கும் அடிக்கலேன்னா, மொத பால்குடம் வேற ஆளுக்குப் போயிரும்" என்றார் தலைவர்.

வீட்டுக்கு வந்ததும் விஜயகலா சாப்பிடவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க... ஒண்ணு சொல்லவா?"

"ஒன் கூட்டாளிக்கு வக்காலத்து வாங்கத்தானே? வாயத் தொறக்காத. சூடத்தப் பாத்து அவ நடுங்குனத நீயும் பாத்தியா இல்லியா?"

விஜயகலா ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வழக்கை இன்னும் இறுக்கிக் கட்டிவிடலாம் என்று கன்னையாவுக்கு ஓர் ஆசை. விற்றவனையே சாட்சிக்குக் கொண்டுவந்தால் கருப்பாயி எங்கே போவாள்? மறுநாள் ஸ்டோருக்கு லீவு போட்டான். பச்சைப் பூவில் ஒன்றைக் கிள்ளிச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பலாங்கொடைக்கு பஸ் ஏறினான்.

ஜமால்தீன் கடையில் பூச்சட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ்! பொம்புளப் பூ வந்தீக்கி!"

"என்னா பூ?"

"பொம்புளப் பூ, கன்னையாண்ணே. இந்தச் செடியில ஆம்புளப் பூவும் ஈக்கி, பொம்புளப் பூவும் ஈக்கி. ரெண்டும் ரெண்டு மாதிரி. தாயும் புள்ளயும்னாலும் நம்ப மாட்டீங்க. போன வருசம் ஒரு நோனா அம்மாவும் இப்பிடித்தான், நான் ஏமாத்திட்டேன்டு கடைக்கே வந்து ஏசிட்டுப் போச்சு. பொறகு அதுவே எங்கயோ விசாரிச்சிட்டு வந்து மன்னிப்பும் கேட்டிச்சு."

கன்னையா சாப்பாட்டுப் பெட்டியை இழுத்து மறுபடி உள்ளே பார்த்தான். "ஒரே செடியிலயா?"

"ஒரே செடியிலதான். ஏன், ஒங்க ஊட்டுப் பூசணிக் கொடியில ஆம்புளப் பூ வேற, பொம்புளப் பூ வேற வாரல்லயா?"

கன்னையாவின் வேலி முழுக்கப் பூசணிக் கொடிதான். எது காய்க்கும், எது காய்க்காது என்று பார்த்து, காய்க்காத பூவை வதக்கிச் சுண்டல் வைக்கப் பறிக்கிறவனே அவன்தான்.

"அப்ப... வெடிக்கிறது?"

"அது ஆம்புளப் பூட வேல. பாயுறது, சத்தம் போடுறது எல்லாம் அதுதான். பொம்புளப் பூ பேசாம ஈந்து காய் புடிக்கும்." ஜமால்தீன் தன் பகிடிக்குத் தானே சிரித்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு, செடி நல்ல தெம்பா ஈந்தாத்தான் பொம்புளப் பூ போடும். நல்ல வெயில், நல்ல ஒரம், பசள. நீங்க கண்ணு மாதிரிப் பாத்தீக்கிறீங்க!"

கன்னையா தலையை ஆட்டினான். உண்மையில் அவன் அந்தச் செடிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றியவன் இல்லை. பூத்தால் பெருமைப்படுவது அவன் வேலை, பார்ப்பதெல்லாம் விஜயகலா. பொங்கலுக்குப் பிறகு அவளுக்கு அதன்மேல் என்ன பாசம் வந்ததோ, மீன் கழுவின தண்ணீர், மாட்டுச் சாணித் தண்ணீர் என்று ஊட்டி ஊட்டி வளர்த்தாள். காலையில் வெயிலுக்குத் தூக்கி வைப்பாள், மழை இருட்டினால் ஓடிப்போய் எடுப்பாள். பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படிச் செய்ததில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் இடம் இருந்தும் கன்னையா உட்காரவில்லை. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. ஒரு பூவுக்காக ஒரு பொம்பளையை, அதுவும் பிள்ளைப் பேற்றில் விஜயகலாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவளை, நாலு பேருக்கு முன்னால் திருடி என்று சொன்ன நாக்கு. அதைக் கடித்துத் துப்பிவிடலாம் போலிருந்தது. 'தோட்டத்துக்குப் போனதும் தலைவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவேன்' என்று முடிவு செய்தான்.

செய்தானே தவிர, தலைவர் முகத்தைப் பார்த்ததும் நாக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"தலைவரே, அந்த விசயம்... விட்டுருவோம். நான் பெருசா எடுத்துக்கல."

"என்னாண்ணே சொல்றீங்க? மன்னிச்சிட்டீங்களா?"

'மன்னிக்க நான் யாரு' என்றுதான் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் தலைவர் அவனைக் கட்டிப்பிடித்துவிட்டார். கட்டிப்பிடித்த கையோடு, தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் கன்னையாவின் படத்தைப் போட்டு, 'திருடியவரையும் மன்னித்த பெரிய மனசு' என்று எழுதியும் விட்டார். கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்து விழுந்தன.

மறுநாள் ஸ்டோரில் ஆளுக்கு ஆள் அவன் முதுகில் தட்டினார்கள். வெட்கத்தில் அவன் தலை குனியக் குனிய, "பாரு, எவ்வளவு அடக்கம்!" என்றார்கள். கருப்பாயி கொழுந்துக் கூடையோடு கடந்து போனாள். அவன் பக்கம் திரும்பவில்லை. அவளோடு எப்போதும் சேர்ந்து நடக்கிற பெண்களும் அன்று அவளை விட்டுத் தள்ளி நடந்தார்கள்.

அதைப் பார்த்ததும் கன்னையாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூ இருந்தால்தானே பேச்சு? பூவையே ஒழித்துவிட்டால்? வெள்ளிக்கிழமை விடிகிற நேரம், பிரட்டுக்கு முன்னால், தேயிலைக் கிளை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் பச்சைப் பூங்கொத்தை ஒரே வெட்டாக வெட்டி, லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற கானில் எறிந்தான்.

பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு முடிவதற்குள் செய்தி பரவிவிட்டது.

"கருப்பாயி பூவ வெட்டிப் போட்டுட்டா! மன்னிச்ச மனுசனுக்கே இப்பிடிச் செஞ்சிட்டாளே!"

"ஐயோ, அவங்க இல்ல! நான்தான் வெட்டுனேன்!" என்று கத்தினான் கன்னையா.

பின்வரிசையில் ஓர் அம்மாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "அவளக் காப்பாத்த, பழியத் தன் தலையில போட்டுக்குறாரே. மனுசனா, தெய்வமா!"

அவமானத்தில் நொந்துபோய், நேரே கருப்பாயியிடமே போய் விழுந்துவிடுவோம் என்று பின்னேரம் அவள் காம்பராவுக்குப் போனான். உள்ளேயிருந்து விஜயகலா கண் சிவந்து வெளியே வந்தாள். அவனைக் கண்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள். வாசலில் கருப்பாயி நின்றாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்..."

"நீ சொன்னதே போதும் தம்பி. நீயும் வேணாம், ஒன் பூவும் வேணாம், ஒன் மன்னிப்பும் வேணாம்." கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேறு வழியில்லை. அன்று பூசைக்குத் தோட்டமே கோயிலடியில் கூடியிருந்தது. தலைவர் வாயைத் திறப்பதற்குள் கன்னையா முன்னால் போய் நின்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"எல்லாரும் கேளுங்க. கருப்பாயி அக்கா மேல ஒரு குத்தமும் இல்ல. அந்தப் பச்சப் பூ பொம்புளப் பூ. வெடிக்கிறது ஆம்புளப் பூ. ரெண்டும் ஒரே செடியிலதான் வரும், பூசணிக்கொடி மாதிரி. எனக்குத் தெரியல. தெரியாதத, தெரியலேன்னு சொல்ல வெக்கப்பட்டு, ஒரு நல்ல மனுசிய திருடின்னு சொல்லிட்டேன். தெரிஞ்ச பொறகும் ஒத்துக்க வெக்கப்பட்டு, மன்னிச்சிட்டேன்னு பெரிய மனுசன் மாதிரி நடிச்சேன். பூவ வெட்டுனதும் நான்தான். என்னைச் செருப்பால அடிங்க."

கருப்பாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி விடு தம்பி. நீ சொன்னதே எனக்குப் போதும்" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஊர் விட வேண்டுமே!

"இதையும் நம்புறீங்களா?" என்றது ஒரு குரல். "பூவுல ஆம்புள பொம்புளயாம்! அவளுக்குப் பால்குடம் போயிருமேன்னு இவரு கத கட்டுறாரு."

"ஆமா, அவருக்குத் தங்கமான மனசு!" என்று பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள்.

தலைவர் தலையைச் சொறிந்தார். "ஹரி, இப்ப என்னா செய்யிறது?"

கன்னையா பூசாரியின் கையிலிருந்த தட்டைப் பார்த்தான். சூடம் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. இந்த ஒரு தடவையாவது முழு மனிதனாக நடந்துகொள்வோம் என்று அவனுக்குத் தோன்றியது.

"தட்டக் குடுங்க சாமி. அவங்க அடிக்க மாட்டேன்ன சூடத்த நான் அடிக்கிறேன்."

"தம்பி, வேணாம்!" கருப்பாயி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். "பால்குடமே எனக்கு வேணாம்! சூடத்த மட்டும் தொடாத! சொன்னாக் கேளு!"

இவ்வளவு செய்த பிறகும் தனக்காகப் பதறுகிறாளே என்று கன்னையாவுக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. அவளை ஒரு கையால் தடுத்தான். மறு கையைத் தூக்கினான்.

"ஆத்தா மேல சத்தியம்! என் சட்டியில இருக்கிறது நான் ஜமால்தீன்கிட்ட வாங்குன அதே செடி. கருப்பாயி அக்கா செடி இல்ல. இதுல ஒரு சொல் பொய்யா இருந்தா, என் ரெண்டு கண்ணும் அவிஞ்சு போகட்டும்!"

ஓங்கி அடித்தான். சூடம் அணைந்தது.

கோயில் மணி அடித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். தலைவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். கன்னையாவுக்கு வாரமெல்லாம் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. நிமிர்ந்து பார்த்தான். கருப்பாயி அக்கா மட்டும் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவன் சட்டையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் விஜயகலா. அழுது அழுது வீங்கிய முகத்தோடு, அவன் காதருகே வந்து சொன்னாள்:

"என்னாங்க... எலையெல்லாம் உதிந்து காஞ்ச குச்சியா நின்னிச்சா, செத்துருச்சுன்னு நெனச்சு, ஒங்க செடிய தேங்கா மட்டையோட பொங்கலன்னிக்கு அடுப்புல வச்சிட்டேங்க. இது நான் அழுதேன்னு, யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணி, கருப்பாயி அக்கா அவங்க செடியில பாதிய ஒடச்சுக் குடுத்ததுங்க."